ஆறு போகும் வழியே போங்கள்

அமேசான் 6,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. தென் அமெரிக்காவுக்குப் போய்வருகிறவர்கள் அதன் கரையில் ஓர் ஊரையோ ஒரு காட்டையோ பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். முழு ஆற்றையும் பார்த்தவர்கள் மிகச் சிலரே. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளமோ ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. மலையும் வயலும் கோயிலும் நகரமும் உப்பளமும் ஒரே ஆற்றின் கரையில் அடுத்தடுத்து வருவதைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட முடிகிற பாக்கியம் நமக்கு இருக்கிறது.

வெளியூர் நண்பர்கள் திருநெல்வேலிக்கு வந்தால் நெல்லையப்பர் கோயில், அல்வா, குற்றாலம் மூன்றோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பாபநாசத்தில் தொடங்குங்கள், தண்ணீர் போகிற வரிசையிலேயே ஊர்களைப் பாருங்கள். அதற்கு வசதியாகவே இரண்டு ரயில் பாதைகள் இருக்கின்றன. செங்கோட்டைப் பாதை ஆற்றின் மேல்பகுதி ஊர்களையும், திருச்செந்தூர்ப் பாதை கீழ்ப்பகுதி ஊர்களையும் தொட்டுக்கொண்டு போகிறது.

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் ஆறு, கோயில் வாசலில் படித்துறையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பாபநாசநாதர் கோயிலில் உலகம்மன் சன்னிதிக்கு முன்னால் ஓர் உரல் கிடக்கிறது. பெண்கள் அதில் விரலி மஞ்சளை இடிப்பார்கள். அந்த மஞ்சள்தான் அம்மனுக்கு அபிஷேகத்துக்குப் போகும். உலக்கைச் சத்தமும் ஆற்றுச் சத்தமும் சேர்ந்து கேட்கிற அந்த இடத்தில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். மேலே, கல்யாண தீர்த்தத்தில்தான் 1925 ஜூன் மாதம் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நீரில் சிக்கிய மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். அழகைப் பார்த்து மயங்கி ஆழத்தை மறந்துவிடக் கூடாது என்று அங்கே போகும் இளைஞர்களிடம் சொல்லத் தோன்றும்.

இங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஏழும் அதற்கு முந்தியவை. ஆற்றை அடியோடு மறித்துவிடாமல், வேண்டிய அளவைக் கால்வாயில் திருப்பிவிட்டு மிச்சத்தைக் கீழே உள்ளவனுக்கு அனுப்புகிற கட்டுமானங்கள் இவை. இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் அத்தனைக்கும் அடித்தளம் இந்த ஏற்பாடுதான்.

அம்பாசமுத்திரத்தைத் தாண்டி ஆற்றுக்குத் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. அக்கிரகாரத் தெருக்களும் அப்பளமும் பெயர்பெற்ற ஊர். குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் களவுபோன நடராசர் செப்புத் திருமேனி, கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து, 2019-இல் திரும்ப வந்தது. கோயிலின் வயதையும் சிற்பத்தின் அழகையும் பற்றி எத்தனையோ படிக்கலாம். தன் சாமி திரும்பி வந்த கதையை ஊர்க்காரர் ஒருவர் வாயால் கேட்பது வேறு அனுபவம்.

வீரவநல்லூர்ப் பக்கமிருந்து திருப்புடைமருதூருக்குத் திரும்புங்கள். கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடம் அது. நறும்பூநாதர் கோயிலின் ஐந்துநிலைக் கோபுரத்துக்குள், ஒவ்வொரு நிலையிலும் சுவர் முழுக்க ஓவியம், தூண்களில் மரச்சிற்பம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் மரமெல்லாம் கொக்கும் நாரையும். ஊருக்குள்ளேயே கூடு கட்டுகிற பறவைகளை ஊராரே காத்துவந்ததால், 2005-இல் இந்த ஊர் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது. எச்சத்தின் நாற்றத்தையும் இரவெல்லாம் கேட்கும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு வாழும் அந்த மக்களை நான் மனதாரக் கும்பிட்டிருக்கிறேன்.

அடுத்து காருகுறிச்சி. நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு ஒலிக்கும் நாதஸ்வரம் அவருடையது. அதற்கடுத்த சேரன்மகாதேவியில் நெஞ்சை உறுத்துகிற ஒரு வரலாறு உண்டு. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் இங்கேதான் இருந்தது. அங்கே சாதி பார்த்துத் தனியாகச் சோறு போட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரல் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. இந்த ஊரைக் கடக்கும்போது அதை நினைக்காமல் போகக் கூடாது.

பத்தமடையில் பாய் வாங்குவதற்கு முன்னால் அது உருவாகிற விதத்தைப் பாருங்கள். ஆற்றங்கரையில் விளையும் கோரையைக் காயவைத்து, ஓடும் நீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். பட்டுப்பாய் என்று பெயர், தொட்டால் துணிதான். தறியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் வீட்டுத் தொட்டியில் ஊறப்போட்டால் ஆகாதா என்று கேட்டேன். "கெடந்த தண்ணியில போட்டா கோரை அழுகிரும்யா. ஓடுற தண்ணி வேணும். ஆறு இருந்தாத்தான் பாயி" என்றார். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போயிருக்கிறது. ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்ததும் இங்கேதான்.

திருநெல்வேலிக்கு வந்தால் நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையையும் இசைத்தூண்களையும் நிதானமாகப் பாருங்கள். அந்தி சாய்ந்ததும் கோயில் எதிரே இருட்டுக்கடையில் அல்வா வாங்கக் கூட்டம் கூடும். கோதுமைப் பாலும் நெய்யும் எங்கும் கிடைக்கும், ஆற்றுத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். பிறகு சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தே போங்கள். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து, ஒரு தனிமனிதர் தன் செல்வத்தைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் அது. 1843-இல் திறந்தார்கள். அதன் அருகே, கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் ஆற்றில் உயிரிழந்தார்கள். பாலத்தின் பெருமையைச் சொல்கிற வாயால் அவர்களையும் சொல்ல வேண்டும்.

அக்கரை பாளையங்கோட்டை. உயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் 1826-ஆம் ஆண்டுத் தூய திரித்துவ ஆலயமும், காது கேளாத பிள்ளைகளுக்காக 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பள்ளியும், சாராள் தக்கர், தூய சவேரியார் போன்ற கல்லூரிகளும் இருக்கிற ஊர். காலையில் பள்ளி மணி அடிக்கிற நேரத்தில் அந்தச் சாலைகளில் நின்று பாருங்கள், ஊரே படிக்கப் போகும்.

திருச்செந்தூர்ச் சாலையில் முதலில் கிருஷ்ணாபுரம். வேங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களில், ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவனின் விலா எலும்பையும் புடைத்த நரம்பையும் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் நகர மாட்டார்கள். அடுத்து ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரியா தோண்டினார். தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் என்று வெளிவந்தவற்றில் பல பெர்லினுக்கும் சென்னைக்கும் போய்விட்டன. இப்போது தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி பரப்பி, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். மூதாதையரின் தலைக்கு மேல் நிற்கிறோம் என்ற உணர்வில் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

ஸ்ரீவைகுண்டத்தில் நவதிருப்பதிகள் என்னும் ஒன்பது பெருமாள் கோயில்கள் தொடங்குகின்றன. நம்மாழ்வார் அமர்ந்த புளியமரம் நிற்கும் ஆழ்வார்திருநகரியும், தென்திருப்பேரையும் பக்கத்திலேயே. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறக்குறைய 800 பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டபோது, தங்கள் வீடுகளும் நனைந்துகிடந்த பக்கத்துக் கிராமத்தார் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். எட்டு அணைக்கட்டுகளையும் கடந்து வந்த தண்ணீரைப் போலவே, தன்னிடம் இருப்பதைப் பகிர்கிற குணமும் இந்தக் கரையில் உண்டு.

கொற்கையில் கடலைத் தேடாதீர்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. வணிகம் கொற்கையை விட்டுக் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். பிறகு அதுவும் தூர்ந்தது. கடைசியில் புன்னைக்காயல். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் தந்த அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த பரதவர் ஊர்.

மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். மழை விட்டிருக்கும், ஆற்றில் நீர் இருக்கும், வயல்கள் பச்சையாக இருக்கும். பாபநாசத்தில் குளித்துவிட்டுப் பழைய துணியை ஆற்றில் விட்டுப்போகிற வழக்கம் மட்டும் வேண்டாம். அது பாவத்தைக் கரைக்காது, மீனின் வயிற்றில்தான் சேரும். நகரத்துச் சாக்கடையை ஆற்றில் விடுவதை நிறுத்தச் சொல்லி நாம் எல்லோரும் கேட்க வேண்டும். பத்தமடைப் பாய்க்கும் நெல்லை அல்வாவுக்கும் கொற்கையின் வாழைக்கும் தேவைப்படுவது ஒரே தண்ணீர். மேலூர்க்காரன் கீழூர்க்காரனை நினைத்துக் கட்டிய அணைக்கட்டுகள் இன்னும் வேலை செய்கின்றன. அந்த நினைப்பு நம்மிடமும் இருந்தால், இந்த ஊர்களை நம் பேரப்பிள்ளைகளும் இதே வரிசையில் பார்ப்பார்கள்.