வெண்ணிறத் தாஜும் செந்நிறத் தாஜும்

செட்டிநாட்டு மக்களுக்குப் பயணம் புதிதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிச் சென்று, ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கி, பொருளோடு திரும்பியவர்களின் ஊர்கள் இவை. ஆனால் அவையெல்லாம் பொருள் தேடிச் சென்ற பயணங்கள். ஒன்றைக் காண்பதற்கென்றே மனைவி மக்களுடன் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே புறப்படும் வழக்கம் நம் பங்குக் குடும்பங்களுக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. இவ்வாண்டு காரைக்குடியைச் சுற்றியுள்ள பங்குகளிலிருந்து நாங்கள் 22 பேர் தில்லிக்குச் சென்றோம். அங்கிருந்து ஒரே பகலில் ஆக்ராவுக்குப் போய்த் தாஜ் மகாலைக் கண்டு திரும்பினோம். அந்த ஒரு பகலைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறோம்.

விடியற்காலைப் பல்லவனில் சென்னை, அன்றிரவே தமிழ்நாடு விரைவு வண்டி, இரண்டு இரவுகள் கழித்துத் தில்லி என்று வந்து சேர்ந்தவர்களுக்கு, மறுநாள் காலை நிசாமுதீன் நிலையத்தில் ஏறிய கதிமான் விரைவு வண்டி வேறோர் உலகமாகத் தோன்றியது. காலை 8.10-க்குப் புறப்படும் அவ்வண்டி, 188 கிலோமீட்டர் தொலைவை 100 நிமிடங்களில் கடந்து, 9.50-க்கு ஆக்ராவை அடைகிறது. இடையில் எங்கும் நிற்பதில்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும் இவ்வண்டி 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. ஆக்ராவுக்கு ஒரு நாளில் போய்வரும் வசதி அதற்கு முன்பே உண்டு. 1964-இல் தாஜ் விரைவு வண்டியும், 1988-இல் சதாப்தியும் இதே பணிக்கு வந்தவையே. வேகந்தான் கூடியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வேகத்தைக் காட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு வந்தனர். தேநீரும் சிற்றுண்டியும் முடித்துக் காலைச் செபத்தைத் தொடங்கிய பெண்கள் அதை முடிப்பதற்குள் மதுரா பின்னே போய்விட்டது.

ஆக்ரா நிலையத்தில் வழிகாட்டி ஒருவர் காத்திருந்தார். நாங்கள் அமர்த்திய சுற்றுலா நிறுவனம் அனுப்பியவர். நல்ல மனிதர், ஆங்கிலமும் இந்தியும் சரளமாகப் பேசுவார்; சென்னையில் சில காலம் இருந்ததால் கொச்சைத் தமிழும் தெரிந்திருந்தது. அவர் கையிலிருந்த தாளில் அன்றைய நாள் மணிக்கணக்கில் பங்கிடப்பட்டிருந்தது: தாஜ் மகால், உணவு, கோட்டை, பளிங்குப் பொருள் விற்கும் கடை, மாலை 5.50-க்குத் திரும்பும் வண்டி. கடைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்ததை எங்கள் குழுவில் இருந்த ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் உடனே கவனித்துவிட்டார். அவர் கவனித்தது பிற்பகலில் பயன்பட்டது.

தாஜ் மகாலின் அழகைப் புதிதாக வருணிக்க நம்மால் ஆகாது. செட்டிநாட்டிலிருந்து சென்ற கண்களுக்குப் பட்டவற்றை மட்டும் சொல்கிறோம். செந்நிறக் கல்லாலான பெரிய வாயிலின் நிழலில் நின்றால், தோட்டம், நீரோடை, மேடை, மாடம் யாவும் ஒரே நேர்கோட்டில் கண்ணுக்குள் வந்து விழுகின்றன. இதைக் கண்டதும், "நம்மூர் வீட்டில் முகப்பில் நின்றால் வளவைத் தாண்டிப் பின்கட்டு வாசல் வரை தெரியுமே, அது போலத்தான்!" என்று எங்களோடு வந்த ஒரு கொத்தனார் சொன்னார். வீட்டையும் கல்லறையையும் ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் அவர் சொன்னது சரியே. வாயிற்படியில் நின்றவனுக்கு முழு மனையையும் ஒரே பார்வையில் காட்டவேண்டும் என்ற எண்ணம் இரண்டிடத்திலும் உண்டு.

அருகே சென்றபோது அவர் கை தானாகவே சுவரைத் தடவியது. இராசபுதனத்து மக்ரானாவிலிருந்து கொண்டுவந்த வெண்பளிங்கைக் குடைந்து, பல வண்ண மணிக்கற்களை இதழ் இதழாகச் சீவிப் பதித்திருக்கிறார்கள். ஒரே மலருக்குள் பல கல்துண்டுகள். இணைப்பு நகத்துக்குத் தட்டுப்படவில்லை. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றித் தளக்கல் செய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, கைவேலையின் அருமை சொல்லாமலே விளங்கும். 20,000 தொழிலாளர் உழைத்ததாகச் சொல்கிறார்கள். கட்டி முடித்ததும் அவர்களுடைய கைகளை மன்னன் வெட்டிவிட்டான் என்றார் வழிகாட்டி. இதற்குச் சான்று ஏதுமில்லை என்பது வரலாற்றறிஞர் கருத்து. ஆனால் அந்தக் கதையைக் கேட்கும்போதுதான் கூட்டம் வாய் பிளக்கிறது. ஆகவே வழிகாட்டிகள் அதை விடுவதாயில்லை.

மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில், தம் பதினான்காவது பேறுகாலத்தில் இறந்தார். மறு ஆண்டு ஷாஜகான் இக்கட்டடத்தைத் தொடங்கினான். வளாகம் முழுவதும் நிறைவெய்த 1653 வரை ஆயிற்று. மாடத்தினுள் நாம் காணும் அலங்காரக் கல்லறைகள் வெறும் அடையாளங்களே; உண்மையான கல்லறைகள் கீழறையில் உள்ளன. எல்லாம் ஒன்றுக்கொன்று சமனாக அமைந்த அக்கட்டடத்தில் சமன் குலைக்கும் பொருள் ஒன்றே ஒன்று: பின்னர் மனைவியின் பக்கத்தில் வைக்கப்பட்ட ஷாஜகானின் கல்லறை. இதைச் சொன்னபோது வழிகாட்டியின் குரல் தணிந்தது. எங்களுள் மூத்தவரான ஒரு பெரியம்மா, சென்ற ஆண்டு கணவரை இழந்தவர், அங்கே நின்றுவிட்டார். "சேர்ந்து வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக" என்று மட்டும் சொன்னார். காவலர் "நகருங்கள், நகருங்கள்" என்று விரட்டவே, நாங்கள் அவரை அணைத்தவாறு வெளியே வந்தோம்.

மேடையில் யமுனையை நோக்கி அமர்ந்திருந்தபோது ஆசிரியர் வேறொரு செய்தியைச் சொன்னார். தாஜ் தொடங்கிய அதே 1632-ஆம் ஆண்டில்தான் ஷாஜகானின் படை வங்காளத்தில் ஹூக்ளி நகரைக் கைப்பற்றியது. அங்கிருந்த போர்த்துக்கீசியரையும் நம் சமயத்தினரையும், ஏறத்தாழ 4,000 பேர், சிறைப்பிடித்து ஆக்ரா வரை நடத்தி வந்தனர். ஹூக்ளிப் போர்த்துக்கீசியர் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. அடிமை வாணிகத்தில் அவர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. ஆயினும் அவர்களோடு நடந்த தாய்மாரும் குழந்தைகளும் எந்த வாணிகத்தைக் கண்டார்கள்? 1633-இல் ஆக்ராவை அடைந்தவர்களுள் குருக்களும் இருந்தனர். சிலர் சிறையிலேயே உயிர் நீத்தனர். ஒருபுறம் இறந்த மனைவிக்காகப் பளிங்கு மாடம் எழும்பிக்கொண்டிருந்தது. மறுபுறம் அதே நகரின் சிறையில் குடும்பங்கள் பிரிக்கப்பட்டுக் கொண்டிருந்தன. "இவர்களுடைய கல்லறை எங்கே இருக்கிறது?" என்று பெரியம்மா கேட்டார். ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. வழிகாட்டியின் தாளில்தான் அது இல்லை.

உணவு வேளையில் சிறு விவாதம் எழுந்தது. கடையை விட்டுவிட்டு ஆக்ராவின் பழைய கோவிலுக்கும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கும் போகலாம் என்றார் ஆசிரியர். "அங்கே ஒன்றும் இல்லையே ஐயா, யாரும் கேட்பதில்லையே" என்று வழிகாட்டி தயங்கினார். இளைஞர்களோ கோட்டையைப் பார்க்காமல் வர மறுத்தனர். அதுவும் நியாயமே, ஷாஜகான் 1658 முதல் 1666-இல் இறக்கும்வரை மகனால் காவலில் வைக்கப்பட்டிருந்த இடம் அல்லவா அது! முடிவில் பாதிப் பேர் வழிகாட்டியோடு கோட்டைக்குப் போனார்கள். மீதிப் பேர் இரண்டு வாடகை வண்டிகளில் கோவிலுக்குப் புறப்பட்டோம். கடைக்கு ஒருவரும் போகவில்லை.

அக்பர் கோவில் என்று மக்கள் வழங்கும் அந்த ஆலயம், புனித இராயப்பர் கல்லூரி வளாகத்தில், அமல உற்பவ அன்னை பேராலயத்தின் அருகே அடக்கமாக நிற்கிறது. முதல் இயேசு சபைக் குருக்கள் 1580-இல் பத்தேபூர் சிக்ரியில் அக்பரின் அவையை அடைந்தனர். அவர்களுக்குத் தலைவராயிருந்தவர் ருடோல்ப் அக்குவாவீவா. 1595-இல் வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் செரோம் சவேரியார். நம் முத்துக்குளித்துறையில் திருமுழுக்கு அளித்த புனித சவேரியாரின் உறவினர். அக்பரின் இசைவுடன் எழுந்த இக்கோவில், ஹூக்ளிக் கைதிகளின் காலத்தில், 1635-இல், ஷாஜகானின் ஆணையால் இடிக்கப்பட்டது. மறு ஆண்டே மீண்டும் எழும்பியது. 1848-இல் பேராலயம் எழும்வரை இதுவே ஆக்ராவின் தலைமைக் கோவில். சர்தானாவின் அரசி சம்ரு பேகம் 1781-இல் திருமுழுக்குப் பெற்றதும் ஆக்ராவில்தான்.

கோவிலினுள் வேறு எவரும் இல்லை. தாஜில் தோளோடு தோள் நெருக்கி நின்ற எங்களுக்கு அந்த அமைதி பழக எங்களூர்க் கோவிலின் பிற்பகல் நேரம் போலிருந்தது. ஒரு செபமாலை சொல்லி முடித்தோம்.

கல்லறைத் தோட்டத்தில்தான் பெரிய வியப்பு காத்திருந்தது. முதலில் குருக்களின் சிற்றாலயம்: ஆர்மீனிய வணிகர் ஒருவருக்காக 1611-இல் எழுந்த சிறிய மாடம், பின்னர் அங்கே குருக்கள் பலர் அடக்கம் செய்யப்பட்டனர். ஹூக்ளியிலிருந்து வந்து சிறையில் இறந்தவர்களின் நினைவும் அதற்குள்ளே இருக்கிறது. சொந்த ஊரை விட்டு வெகு தொலைவில் வாணிகம் செய்தவர்கள் அறத்துக்கு இடம் விட்டுச் செல்வதைச் செட்டிநாட்டாராகிய நாம் அறிவோம். அதைக் கடந்து சற்று நடந்தால், மரங்களுக்கிடையே ஒரு தாஜ் மகால் நிற்கிறது! சிறியது, செந்நிறமானது, உயரமான நான்கு கோபுரங்கள் இல்லாதது. ஆனால் மேடையும் வளைவுகளும் குவிமாடமும் அப்படியே தாஜ்தான். மராத்தியரின் பணியில் ஆக்ராக் கோட்டைத் தலைவராயிருந்து 1803-இல் இறந்த ஜான் எசிங் என்னும் ஒல்லாந்தருக்கு அவருடைய மனைவி ஆன் எழுப்பிய கல்லறை அது. பேரரசன் மனைவிக்கு எழுப்பினான் வெண்பளிங்கில். படைத்தலைவனின் கைம்பெண் கணவனுக்கு எழுப்பினாள் உள்ளூர்ச் செங்கல்பாறையில். முதலாவதைக் காண உலகமே வருகிறது. இரண்டாவதன் முன் அன்று நாங்கள் 11 பேர் நின்றோம்.

இங்கே எவரும் "நகருங்கள்" என்று சொல்லவில்லை. பெரியம்மா காலணியைக் கழற்றிவிட்டுப் படியில் அமர்ந்தார். தம் கணவரின் பெயரைச் சொல்லி, ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லச் சொன்னார். சொன்னோம். பிறகு அவரே எழுந்து, "சரி, வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

வழிகாட்டியின்மேல் எங்களுக்குக் குறையில்லை. கேட்பதைத்தானே அவர் காட்டுவார்? ஆனால் இந்த அவசரத்தை எதிர்ப்புறத்திலிருந்தும் நாம் அறிவோம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உல்லாச வண்டிகள் வந்து நிற்கின்றன. பர்மாத் தேக்குத் தூணையும் இத்தாலியப் பளிங்கையும் அரைமணியில் படமெடுத்துக்கொண்டு போகின்றன. வந்தவர்களிடம் ஓரியூரைப் பற்றி எவர் சொல்கிறார்கள்? 1693-இல் புனித அருளானந்தர் தலை கொடுத்த மண் நம் மறைமாவட்டத்தில் இருப்பதையோ, மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரில் 1894-இல் எழுந்த திரு இருதய ஆலயத்தையோ பட்டியலில் சேர்க்கும் சுற்றுலாக்காரர் மிகக் குறைவு. மாளிகைகளின் நிலையும் மகிழ்ச்சிக்குரியதன்று. பங்காளிகள் பலராகி, பராமரிக்க ஆளின்றி இடிக்கப்படும் வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டோடு சாய்ந்து கிடக்கின்றன. தாஜைத் தொல்லியல் துறை காக்கிறது. செந்நிறத் தாஜையும் அதுவே காக்கிறது. நம் வளவுகளைக் காப்பவர் அவற்றின் சொந்தக்காரரே. அவர்களோ சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு போக எண்ணும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை தாஜ் மகால் மூடியிருக்கும். கதிமானும் அன்று ஓடுவதில்லை. மாடத்தினுள் செல்லத் தனிக் கட்டணம் உண்டு. பெட்டி, பைகளைத் தில்லியிலேயே விட்டுச் செல்க. இயலுமானால் ஓரிரவு ஆக்ராவில் தங்குங்கள். கோட்டையா கோவிலா என்று குழுவைப் பிரிக்க வேண்டியிராது. பேராலயத்துக் குருக்களுக்கு முன்கூட்டியே எழுதிக்கொண்டால் பழைய கோவிலில் திருப்பலி காண வாய்ப்புக் கிடைக்கலாம். கல்லறைத் தோட்டத்துக்கு மாலை நான்கு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. மெழுகுதிரியும் தீப்பெட்டியும் கையோடு கொண்டு செல்லுங்கள், அங்கே அருகில் கடை இல்லை.