ஏழாம் பாகத்தைக் கொடுக்கலாமா?

பசுமலையில் ஒரு பள்ளி நூலகர் நம்மிடம் தடித்த புத்தகம் ஒன்றைத் தந்து, படித்துக் கருத்துச் சொல்லுமாறு கேட்டார். ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவதும் இறுதியுமான பாகம் அது. 2007 ஜூலை 21 அன்று வெளியானது. பிரிட்டன் பதிப்பில் 607 பக்கங்கள். முந்தைய ஆறு பாகங்களையும் முடித்துவிட்ட எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதற்காகக் காத்திருந்தாள். அவள் தந்தை இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இந்தப் பாகத்திலோ அடுக்கடுக்காய் மரணங்கள். நூலகரின் தயக்கம் அதுதான்.

நான்கு இரவுகளில் படித்து முடித்தோம். குறைகள் உண்டு. நண்பர்கள் கூடாரத்தோடு காடுகாடாக அலையும் நடுப்பகுதி நீளம். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய கடைசிப் பகுதி எல்லோரையும் அவசரமாகக் குடும்பத்தில் அமர்த்துகிறது. ஆனால், டாபி என்னும் எளிய ஏவலன் இறக்குமிடத்தில் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தோம். மந்திரம் தெரிந்திருந்தும் ஹாரி மண்வெட்டி கேட்டு வாங்கி, வியர்வை சிந்திக் குழி தோண்டுகிறான். துக்கத்துக்கு மந்திரம் இல்லை என்பதை ஆசிரியர் ஒரு வார்த்தையும் விளக்காமல் சொல்லிவிடுகிறார்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் வெட்டுண்டது இதே மதுரையில்தான். அதைப் பாடமாக நடத்தி மதிப்பெண்ணும் போடுகிறோம். எந்தப் பிள்ளையின் வீட்டு நிலையையும் அப்போது நாம் விசாரித்ததில்லை.

முந்தைய பாகங்களைப் படித்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதித் தந்தோம். திருப்பித் தரும்போது அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னோம்.