இருபதில் ஒரு பங்கு

கணக்கில் மந்தமான பிள்ளைகளைத் தேற்றுவதற்கு நாம் ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தோம். அப்போது வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அதைக் கேட்டறிந்து, ஆண்டு விழா மேடையில் தம்முடையதாகவே எடுத்துரைத்தார். அன்றோடு வாயை மூடிக்கொண்டோம். இளம் உபாத்தியாயர் ஒருவர் வந்து வினவியபோதும், "விசேஷம் ஒன்றுமில்லை, தம்பி" என்று நழுவிவிட்டோம்.

நமது முத்துக் கடற்கரைக்கு இது புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்போரைப் பெருமீன்கள் தீண்டாதபடி கட்டும் மந்திரவாதிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. இரவானால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்! மறுநாளும் தம்மைத் தேடி வரவேண்டும் அல்லவா?

வித்தையைச் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்ற அச்சமே மனிதனை ஊமையாக்குகிறது. அதைப் போக்குவது தலைமையின் கடமை.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே வேப்பலோடையில், 1973-ஆம் ஆண்டு, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை விளைவித்தனர். ஜப்பானியர் நெடுங்காலம் மறைத்துக் காத்த நுட்பம் அது. இவர்களோ பயிற்சி வகுப்புகள் நடத்திப் பிறருக்கும் கற்பித்தார்கள். அதனால் அவர்கள் புகழ் குறைந்துவிடவில்லை.

எங்கள் இப்போதைய தலைமையாசிரியை, எவர் யோசனை சொன்னாலும் அவர் பெயரோடு குறிப்பேட்டில் பதிந்துவிடுகிறார். சென்ற வாரம் நாமும் வாய் திறந்தோம். ஆனால், நாம் மௌனம் சாதித்த அந்த நாலு வருஷத்தில் கணக்கில் தோற்ற குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?