காக்கா எச்சமும் அறுபத்தேழாம் பிரிவும்

எறையூர்ப் பையன் ஒருவன் செல்போனில் எடுத்த நான்கு நிமிடப் படம் அது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா. ரிப்பன், மாலை, மைக் எல்லாம் நிஜக் காட்சி. அதன்மேல் கம்ப்யூட்டரில் வரைந்த காக்கா ஒன்று பறந்து வருகிறது, பானைக் கதையில் வருகிற அதே காக்கா. தொட்டிக்குள் கல் கல்லாகப் போடுகிறது. தண்ணீர் மேலே வருவேனா என்கிறது. சலித்துப்போய்க் கிளம்புகையில், பேசிக்கொண்டிருந்த பிரமுகரின் வெள்ளைச் சட்டையில் எச்சமிட்டுவிட்டுப் போகிறது.

பிரமுகரின் புகாரில் பதிவான எஃப்.ஐ.ஆரில் அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 469, 504. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. கடைசியில் சொன்னது ஆபாசத்துக்கான பிரிவு. பையனின் வக்கீலாகப் படத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எச்சத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைத் தண்டித்த 66ஏ பிரிவை 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், கேலிக்கு இப்படி ஏதாவதொன்றை இழுத்து வருகிறார்கள். 2017-இல் நெல்லையில் நடந்த தீக்குளிப்பு ஒன்றை வைத்துக் கார்ட்டூன் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலா மீதும் இந்த 67 பாய்ந்தது.

என்னை உறுத்தியது 469. நற்பெயரைக் கெடுக்கப் பொய் ஆவணம் புனைவது. முழுக்க வரைந்திருந்தால் கார்ட்டூன் என்று விட்டிருப்போம், நிஜ ஆளைக் காட்டி நடக்காததைச் சேர்த்தால் போலிதானே என்றது எதிர்த்தரப்பு.

"தம்பி, படத்துல வர்ற மாதிரி 'தண்ணி உங்களுக்கு எதுக்கு'ன்னு அவர் நிஜமாவே சொன்னாரா?"

"ரெண்டு எடத்துல பேசுனத ஒட்டிட்டேன் சார்."

வினை அங்கேதான் இருந்தது. காக்காவை யாரும் நம்பப்போவதில்லை; அதுவே அதற்குக் காப்பு. ஒட்டிய குரலை ஊர் நம்பிவிடும். அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன். மூலப் பதிவு போலீஸ் வசம் இருந்தது. வழக்கை ரத்து செய்யக் கோரிய 482 மனுவில் எதையும் மறைக்கவில்லை.

உயர்நீதிமன்றத்தில் 1989-இன் ரங்கராஜன் தீர்ப்பை நம்பினேன். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் யு சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் திருப்பித் தந்த வழக்கு. கலவரம் வருமென்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நெரிக்கக் கூடாது என்றது. ஆனால் அச்சைவிடச் சினிமா ஆழமாகத் தைக்கும் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்தியைத்தான் நிறுத்தி நிதானமாக வாசித்தார். கெட்டிக்காரர். நான் 2021-க்குத் தாவினேன்: முகநூல் வேடிக்கை ஒன்றுக்காகப் போட்ட வழக்கை ரத்து செய்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சிரிப்பதையும் குடிமக்களின் அடிப்படைக் கடமையாகச் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் கோர்ட்டில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வாதங்களின் மீது உத்தரவு வரவில்லை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, பிரமுகர் இறங்கி வந்தார். சமரச மெமோவில் வழக்கு ரத்தானது. காக்கா போலியா இல்லையா என்று ஒரு நீதிபதி சொல்லிக் கேட்க முடியாமல் போனதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. பையனுக்கு அதெல்லாம் இல்லை. கைப்பற்றிய லேப்டாப்பைத் திரும்பக் கேட்டு எப்போது மனு போடுவீர்கள் என்பதே அவன் கவலை.