படம் பிடிக்கவா, கிளி பிடிக்கவா?

பொத்துவிலில் கேமராப் பையோடு தெற்கே நடந்தால் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் படம் எடுக்கப் போகிறான் என்பார்கள். மேற்கே போனால், லகுகலவில் யானை. ஊருக்குள்ளேயே ஒரு தென்னந்தோட்ட வேலியோரம் அண்ணாந்து நிற்பவனைத்தான் யாருக்கும் விளங்குவதில்லை.

"என்ன மகன், கிளி புடிக்கவா?" என்று கேட்டார் தோட்டத்துக்கார மாமா.

"இல்ல மாமா, படம் புடிக்க."

"ரெண்டும் புடிக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு மட்டை பொறுக்கப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பத்து வயதில் நானும் கூட்டாளிமாரும் மொட்டைத் தென்னையில் ஏறிக் குஞ்சு எடுத்தவர்கள்தான். என் பங்குக்கு வந்ததை வாழைப்பழமும் குழைத்த சோறும் ஊட்டி வளர்த்தேன். ராத்தா அதற்கு ஒரு பெண் பெயர் வைத்தாள். மூன்றாம் வருடம் கழுத்தில் கறுப்பும் ரோசாவுமாக வளையம் விழுந்தது. வளையம் ஆணுக்குத்தான் விழும். பெயரை மாற்ற ராத்தா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

கிளியை முதலில் கண்டுபிடிப்பது காதுதான். பச்சை ஓலைக்குள் பச்சைப் பறவை. பத்து இருந்தாலும் ஒன்றும் தெரியாது. கீச்சென்று கத்திக்கொண்டு கிளம்பும்போதுதான் வந்திருந்ததே தெரியும். அந்தச் சத்தம் கொஞ்சம் கனத்துக் கேட்டால் நான் விழித்துக்கொள்வேன். அது பெரிய கிளி, மாவீரன் அலெக்சாண்டரின் பெயரைச் சுமக்கிற இனம். தோளில் செங்காவித் திட்டு இருக்கும். எங்கள் தோட்டங்களில் கூட்டமாக வருவது சின்னதுதான், செந்தார்ப் பைங்கிளி.

வெளிச்சத்துக்கு மட்டும் குறையில்லை. கடல் கிழக்கே என்பதால் சுபஹு தொழுதுவிட்டுக் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் போதும், வெயில் நேரே பறவையின் நெஞ்சில் விழும். ஒன்பது மணிக்குப் பிறகு மணல் சூடேறிக் காற்று நெளியத் தொடங்கும். எவ்வளவு விலை லென்ஸானாலும் படம் கலங்கித்தான் வரும்.

மாமாவின் தோட்டத்தில் இடி விழுந்து தலை போன தென்னை ஒன்று நிற்கிறது. முன்பு மரங்கொத்தி குடைந்த பொந்து அதில் இருக்கிறது. கிளிகள் அதன் வாயைக் கொறித்து அகலமாக்கிக் குடியேறிவிட்டன. நான் ஐந்து நாள் காத்திருந்தது அதற்காகத்தான். ஐந்தாம் நாள் ஆண் வந்து தண்டில் பக்கவாட்டாக ஒட்டிக்கொண்டது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று விரல்கள் இருப்பதால் அதற்கு ஏணி தேவையில்லை. பெண் பொந்திலிருந்து தலையை நீட்டியது. ஆண் இரண்டு மூன்று முறை தலையை ஆட்டி, தின்றதைக் கக்கி, சொண்டோடு சொண்டு வைத்து ஊட்டியது. தொடர்ந்து அமுக்கிய நாற்பது படத்தில் ஒன்றே ஒன்று தேறியது.

சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பின் மாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கி, அவை ஆயிரக்கணக்கில் பெருகிய கதை பலருக்கும் தெரிந்ததே. அதே சுனாமி எங்கள் கரையையும் அடித்தது. ஆனால் இங்கே யாரும் கிளிக்கு அரிசி வைக்கமாட்டார்கள். அது தானே வந்து எடுத்துக்கொள்கிறது. மாசி, பங்குனியில் வேளாண்மை முற்றும்போது கதிரையே கத்தரித்துக் காலில் பிடித்துத் தின்கிற கூட்டத்தை வயற்காரனிடம் போய் அழகு என்று சொல்லிப் பாருங்கள்.

அறுகம்பேக்கு வந்த ஒரு லண்டன்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டு, இதே கிளி தன் ஊர்ப் பூங்காவிலும் உண்டு, கிட்டார்க் கலைஞர் ஜிமி ஹென்ரிக்ஸ் பறக்கவிட்டது என்றார். அது வெறும் வதந்தி என்று 2019இல் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். கூட்டிலிருந்து தப்பிய வளர்ப்புக் கிளிகள்தான் அங்கே பெருகின. என் கூடும் ஒருநாள் திறந்து கிடந்தது. திறந்தது ராத்தா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

தேறிய படத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையில் ஆணின் கழுத்து வளையத்தை நகத்தால் தொட்டார்.

"இவன்தான் மகன், மேற்கு வட்டையில என்ட கதிர் வெட்டுற கள்ளன். ஒரு படம் கழுவித் தாங்க."

"எதுக்கு மாமா?"

"பேத்திக்குக் காட்டத்தான்."