அரை வாக்கியம்

எழுதிப் பிழைக்கிறவனுக்கு வார்த்தை என்றால் காசு. வீண் வார்த்தைக்கும் கூலி கிடைக்கிற தொழில் இது. அதனால்தானோ என்னவோ, நாவடக்கத்தைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று பத்திரிகை நண்பர் ஒருவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் ஊர்க் கோயில்பிள்ளையின் நினைவு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிறிஸ்தவக் கிராமம். கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிக்கிறவரைத்தான் அங்கே கோயில்பிள்ளை என்போம். எங்கள் கோயில்பிள்ளைக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் பத்துக் கட்டளைகளும் மனப்பாடம். கடவுளின் பெயரை அற்பக் காரியத்துக்கு எடுக்கலாகாது என்ற கட்டளை எங்கள் சபையின் வரிசையில் மூன்றாவது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அதை இரண்டாவதாக எண்ணுகிறார்கள். கோயில்பிள்ளைக்கோ அதுவே முதலாவது போலிருந்தது. சந்தையில் கத்தரிக்காய் விலைக்குக்கூட ஆண்டவரைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் எங்களூரில் உண்டு. ஜெப வேளையில் அல்லாமல் இவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

அறுபது வருஷத்துக்கு முந்திய சங்கதி இது. நான் அப்போது கல்லூரி மாணவன். அசனத்துக்கென்று வசூலான பணத்தில் நாற்பது ரூபாய் குறைந்தது. பணம் இருந்த அறையின் சாவி கோயில்பிள்ளையிடம் இருந்தது. கமிட்டியார் கூடினார்கள். "வேதாகமத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணிவிடும், அதோடு விஷயம் முடிந்தது" என்றார்கள்.

கிழவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் எடுக்கலை ஐயா. எடுக்கலைன்னா எடுக்கலைதான். நாப்பது ரூவாய்க்கு அவரைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்."

வாசலோரம் நின்றிருந்த நான், பக்கத்திலிருந்த சிநேகிதனிடம் சொல்லுவதுபோல, எல்லாருக்கும் கேட்கும்படி, "மடியிலே கனமில்லாவிட்டால்..." என்றேன். அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. மீதியை ஊர் முடித்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். விசாரணையில் அந்தச் சிரிப்புத்தான் தீர்ப்பாயிற்று. கிழவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணியை வேறொரு கை அடித்தது.

மூன்று மாதம் கழித்துக் கணக்கைச் சரிபார்த்தபோது, அரிசிக் கடைக்குக் கொடுத்த முன்பணம் ஏட்டில் ஏறாமல் போனது தெரிந்தது. சரியாக நாற்பது ரூபாய். கமிட்டியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுச் சாவியை நீட்டினார்கள். கை நடுங்குகிறது, மணிக்கயிறு பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

நானும் போனேன், உடனே அல்ல, கிறிஸ்துமஸ் விடுமுறையில். திண்ணையில் பனையோலை முடைந்துகொண்டிருந்தார்.

"தாத்தா, அன்றைக்கு நான்..."

"தெரியும் தம்பி. நான் அன்னைக்கே மன்னிச்சாச்சு. ஆனா அன்னைக்குச் சிரிச்சாங்களே, அவங்க ஒவ்வொருத்தர்கிட்டேயும் போய்ச் சொல்லணும். அது உன் பாடு."

இரண்டு வீடுகளுக்குப் போனேன். மூன்றாவது வீட்டு வாசல் வரைக்கும் போய், வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு கல்லூரி திறந்துவிட்டது.

ஆணையிடவே வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருங்கள் என்பது இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதன் சாரம். அதை அப்படியே கைக்கொண்டதற்காக 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் சிறை சென்றார்கள். நம் நாட்டிலோ 1873-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1969-ஆம் ஆண்டுச் சட்டமும், ஆணையிட மனமில்லாத சாட்சி உறுதிமொழி மட்டும் கூறலாம் என்கின்றன. நீதிமன்றம் கொடுக்கிற இந்த மரியாதையை ஆண்டவருடைய கோயிலில் நாங்கள் ஒரு கிழவருக்குக் கொடுக்கவில்லை.

நாவைக் காக்காதவன் தானே துன்பப்படுவான் என்று வள்ளுவர் அடக்கமுடைமையில் எச்சரிக்கிறார். யாக்கோபின் நிருபம் மூன்றாம் அதிகாரம் வேறொரு பயத்தையும் காட்டுகிறது. கடவுளைத் துதிக்கிற அதே வாய், அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதனைச் சபிக்கலாமா என்று அது கேட்கிறது. அப்படியானால் மனிதனை இழிவாகப் பேசுவது, அந்தச் சாயலுக்கு உரியவரை இழிவாகப் பேசுவதுதானே? அன்று நான் கடவுளின் பெயரை உச்சரிக்கவே இல்லை. ஆனாலும் அந்த அறையில் மூன்றாம் கட்டளையை மீறியவன் நான்தான்.

கிழவர் காலமாகி எத்தனையோ வருஷமாயிற்று. அன்று சிரித்தவர்களில் பெரும்பாலோரும் போய்விட்டார்கள். நான் போகாமல் விட்ட வீடுகளுக்கு இனிப் போக முடியாது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பொருத்தமாக ஒரு பழமொழி நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் அந்த மணிக்கயிறு நினைவுக்கு வருகிறது. உடனே வாயை மூடிக்கொள்கிறேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய்யாகும். பல சமயம் மூடிக்கொள்கிறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.