பச்சை முழுகாத நீலம்

வளையல் அலமாரி குட்டியானை வண்டியில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் இறங்கிய அன்றே சண்டை தொடங்கிவிட்டது. அதற்கு என்ன நிறம் அடிப்பது என்பதல்ல சண்டை. அது முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்பதுதான்.

“பச்சைதான். ஆரம்பத்துலேர்ந்தே பச்சைதான்” என்றான் அண்ணன்.

“சாம்பல் கலர்டி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றார் அத்தை போனில்.

எனக்கு நீலம். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போய், அந்த நீலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிய ஞாபகம். ஆளுக்கொரு நிறம் சொல்லி ஒரு வாரம் வாதாடினோம். அம்மாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எழுபத்தாறு வயது, ஒரு கண்ணில் புரை, பாவம் அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த நினைப்புக்காகத்தான்.

மலைக்கோட்டை அடிவாரத்தில், சின்னக்கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஆறடி அகலக் கடை எங்களுடையது. 1978இல் அம்மா தொடங்கினார். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். அவர் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடும். எங்கள் மூன்று பேரின் படிப்பும் வளையலில்தான் நடந்தது. இடம் நல்ல இடம். மேலே தாயுமானவர். பெற்ற தாய் காவிரி வெள்ளத்தைத் தாண்டி வர முடியாமல் போக, வலியில் துடித்த பெண்ணுக்குச் சிவனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது அந்தக் கோயிலின் கதை. சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொண்டுவருகிறவர்கள், இறங்கிப் போகும்போது வளைகாப்புக்கு வளையல் பார்ப்பார்கள். ஃபிரோசாபாத்திலிருந்து வந்த கண்ணாடி வளையல்கள். சிவப்பும் பச்சையும்தான் அதிகம் போகும். கையைப் பிடித்துப் பார்த்தே “ரெண்டு ஆறு” என்றோ “ரெண்டு நாலு போதும்” என்றோ அம்மா அளவு சொல்லிவிடுவார்.

1996இல் அப்பா வேலையிலிருந்து நின்றார். ஒரு மாதத்துக்குள் அலமாரிக்குப் பச்சை பெயின்ட் அடிக்கப்பட்டது. மேல் பலகையில் மஞ்சள் எழுத்தில் அப்பா பெயர் வந்தது, பின்னாலேயே ‘அண்ட் சன்ஸ்’ வந்தது. எங்கள் வீட்டில் மகன் ஒருவன்தான். மகள்கள் இரண்டு பேர். ஒரே மகனைப் பன்மையாக்க முடிந்த இலக்கணத்தில் இரண்டு மகள்களுக்கு இடமில்லை. பதினெட்டு வருடம் கடை நடத்தியவருக்கும் இல்லை. கணக்கு நோட்டு கைமாறியது. அம்மாவின் ஸ்டூல் உள்பக்கம் நகர்ந்தது. 2009இல் கடையை மூடினோம். அலமாரி அண்ணன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர்களுக்குக் காவலாக நின்றது. அதைப் பழைய மரச்சாமான் வியாபாரியிடம் தள்ளிவிடப் போகிறான் என்று கேள்விப்பட்டுத்தான் நான் கேட்டு வாங்கினேன்.

பழைய சாமானின் நிறத்தைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வெயிலும் கையும் படாத இடத்தை. சிகாகோவில் செய்த பழைய பின்பால் மெஷின்களைப் புதுப்பிக்கிறவர்கள், பெட்டியின் கால்களைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றி அதன் அடியில் பார்ப்பார்கள். எனக்குக் கதவின் கீல். திருகாணிகளைக் கழற்றி எடுத்ததும் அடியில், கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் உடனே அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேன்.

அது போதாது. மேலிருந்து கீழாக எத்தனை பூச்சு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கிணறு வெட்ட வேண்டும். ரூபாய் நாணய அளவு இடத்தில் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால், வெட்டிய வெங்காயம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். உலர்ந்த உப்புத்தாள் போடக்கூடாது. பழைய எனாமலில் ஈயம் இருக்கும். தூசி மூச்சில் போகும். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அலமாரியோ அதற்கு எத்தனையோ வருடம் மூத்தது. முகக்கவசம் போட்டு, பேரப்பிள்ளைகளை மாடிக்கு வராமல் தடுத்து, துடைத்த துணியையெல்லாம் தனிப் பையில் கட்டினேன்.

கிணற்றில் நான்கு வளையங்கள் தெரிந்தன. வெளியே பச்சை. அடுத்து நீலம். ஒரு மெல்லிய அழுக்குக் கோட்டுக்குப் பிறகு மறுபடியும் அதே நீலம். அதற்கும் அடியில், மரத்தை ஒட்டி, பழுப்பு.

“அப்ப ஒரிஜினல் பிரவுன்தானே?” என்றான் அண்ணன். அவன் தோற்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி.

உண்மைதான். அலமாரி மூடப்போன ஒரு மருந்துக்கடையிலிருந்து பழையதாக வாங்கியது. முதல் நிறம் என்று பார்த்தால் அந்தக் கடைக்காரரின் பழுப்புதான். ஆனால் அடியில் இருப்பதெல்லாம் அசல் ஆகிவிடாது. எந்தக் காலத்துக்குத் திருப்புகிறோம் என்பதை பெயின்ட் சொல்லாது. புதுப்பிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். நான் 1978 என்றேன்.

கதவை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனேன். கீலுக்கு அடியில் இருந்த இடத்தில் சின்னக் கருவியை வைத்துப் படித்து, கம்ப்யூட்டர் ஒரு கலவை சொன்னது. அரை லிட்டர் கலக்கிக் கொடுத்தார்கள். கடையின் எல்ஈடி வெளிச்சத்தில் இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்து அட்டையில் பூசி, ஒரு நாள் காயவிட்டு, காலை வெளிச்சத்தில் பார்த்தால் மயில்கழுத்துப் பச்சை பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். கலந்திருக்கும் வண்ணப்பொடிகள் வேறாக இருந்தால் அப்படித்தான் ஆகும்.

அது மட்டுமல்ல காரணம். கருவி படித்ததே தப்பான நிறத்தை. வெயில் படாத இடம் வெளுக்காது, சரி. ஆனால் எண்ணெய் சேர்ந்த பெயின்ட் இருட்டிலேயே கிடந்தால் மஞ்சள் பாரிக்கும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சைச் சாயல்தானே வரும்? கீலுக்கு அடியில் பத்திரமாக இருந்ததாக நான் நினைத்த நீலம், பத்திரமாக இருந்ததாலேயே மாறியிருந்தது. இதற்கு வைத்தியம் சுலபம். வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு விலகிவிடும். கதவை மொட்டை மாடியில் சாய்த்து வைத்தேன். ஒரு வாரம்.

எங்கள் மாடியிலிருந்து வெள்ளைக் கோபுரம் தெரியும். 1987இல் கட்டி முடித்த பதின்மூன்று நிலை ராஜகோபுரத்தின் வண்ணங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். கோயில் புதுப்பிப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அத்தனை வண்ணங்களுக்கு நடுவில் கிழக்கே இது மட்டும் வெள்ளை. காரணமாக ஊரில் சொல்லும் கதை வெள்ளையம்மாளுடையது. பதினான்காம் நூற்றாண்டில் டெல்லி சுல்தானின் படை கோயிலைச் சூறையாடியபோது, கோயிலில் ஆடிய பெண் ஒருத்தி படைத்தலைவனை இந்தக் கோபுரத்தின் உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாளாம். அவள் நினைவாகத்தான் வெள்ளை அடிக்கிறார்களாம்.

கதவு வெயில் காய்ந்த அந்த வாரம் முழுக்க அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை தானாக நிற்கிற நிறமல்ல. மழையில் கறுக்கும், பாசி பிடிக்கும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ‘இது வெள்ளைதான்’ என்று முடிவு செய்து மறுபடி அடித்தால்தான் அது வெள்ளை. ஒரு பெண்ணின் பெயரால் ஒரு நிறத்தை இத்தனை காலம் காப்பாற்ற ஓர் ஊரால் முடிந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த வெள்ளை அவள் விழுந்ததற்காக. அவள் ஆடியதற்காக எந்தக் கோபுரத்துக்கும் எந்த நிறமும் இல்லை. செத்தால் தியாகம் என்று எழுதிவைப்பார்கள். தினமும் செய்த வேலையை யார் எழுதிவைப்பது?

எட்டாம் நாள் அம்மா மாடிக்கு வந்தார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. நான் நான்கு அட்டைகளில் நான்கு நீலம் பூசி வரிசையாக வைத்திருந்தேன். அவர் கேட்காமலேயே குனிந்து பார்த்தார். தை மாதத்தில்தான் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. இடது கண் பாக்கி. முதலில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மூன்றாவதைக் காட்டினார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முதலாவதைக் காட்டினார்.

“ரெண்டு கண்ணும் ரெண்டு சொல்லுதுடி” என்று சிரித்தார்.

புரை விழுந்த கண் உலகத்தை மஞ்சள் கண்ணாடி வழியே பார்க்கிறது. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு நீலம் பளிச்சென்று படுகிறது. கீலுக்கு அடியில் நடந்ததும் வெளியில் நடந்ததும் அவர் முகத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் மனம் விட்டுப்போய், “சரி விடும்மா, நான் பாத்துக்கறேன். உனக்குப் பிடிச்ச கலர்னுதான் இவ்ளோ மெனக்கெடறேன்” என்றேன்.

அம்மா நிமிர்ந்தார்.

“எனக்குப் பிடிச்ச கலரா? யாரு சொன்னா? எனக்கு நீலமே ஆகாது. கண்ணால பாத்தா என்னத்தத் தெரியும், போய் வளையல எடுத்துட்டு வா.”

சிவப்பு ஒரு டஜன், பச்சை ஒரு டஜன் கொண்டுவந்தேன். ஒவ்வோர் அட்டை மேலும் வைத்துப் பார்த்தார்.

“இதுல பச்சை முழுகுது. இதுல செவப்பு கறுத்துப்போவுது. மருந்துக்கடை பிரவுன்ல வெச்சா எல்லாமே பழசாத் தெரிஞ்சுது. வெள்ளையில வெச்சா பளபளப்புதான் தெரியும், வளையல் தெரியாது. தெனம் விக்கறது செவப்பும் பச்சையும். ரெண்டும் எடுத்துக்காட்டணும்ல? சின்னச் சின்னப் பலகையில அடிச்சு அடிச்சுப் பாத்துதான் கண்டுபிடிச்சேன். அதுவும் இந்த வெயில்ல இல்ல. அங்க குண்டு பல்புதானே.”

குண்டு பல்பு. அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சந்துக்குள் வெயில் வந்ததே கிடையாது. பழைய மின்சாமான் கடையொன்றில் தேடி அறுபது வாட் பல்பு ஒன்று வாங்கிவந்து, அன்று இரவு கதவுக்கு எதிரில் எரியவிட்டோம். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் அடங்கி, சாம்பலாக நின்றது. அத்தை சொன்னது பொய்யில்லை. அவர் மாலையில்தான் கடைக்கு வருவார். அண்ணனும் பொய் சொல்லவில்லை. அவன் கடையில் உட்கார்ந்ததே பச்சை அடித்த பிறகுதான்.

அந்த வெளிச்சத்தில் அம்மா இரண்டாவது அட்டையை எடுத்தார். பச்சை முழுகவில்லை, சிவப்பு கறுக்கவில்லை. மறுநாள் காலை கதவோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். வெயில் காய்ந்த நீலத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அப்பா பச்சை அடித்த பிறகு பச்சை வளையல் சரியாகப் போகவில்லை என்று அம்மா அப்போதே புலம்பியது ஞாபகம் வந்தது. நாங்கள் என்ன சொன்னோம்? ‘அம்மாவுக்கு நீலம்னா உசுரு, அதான் மாத்தினது பிடிக்கல’ என்றோம். கடைக்காரியின் கணக்கை ஒரு பெண்ணின் ஆசையாக மாற்றிவிட்டோம். நான் இத்தனை நாள் பாசத்தோடு செய்ததும் அதேதான். நிறத்தை மூடினது அப்பா. காரணத்தை மூடியதில் எனக்கும் பங்கு உண்டு.

பழைய பூச்சைச் சுரண்டி, பிரைமர் அடித்து, இரண்டு கோட் கொடுத்து முடிக்க இருபது நாள் ஆயிற்று. ‘அண்ட் சன்ஸ்’ பலகையை என்ன செய்வது என்பதுதான் கடைசிக் கேள்வி. அந்த எழுத்தைத் தேய்த்து அழிக்க எனக்குக் கை துறுதுறுத்தது.

“இருக்கட்டும். அவரும் பதிமூணு வருஷம் உக்காந்தாரே” என்றார் அம்மா.

தச்சரிடம் சொல்லிப் பலகையைத் திருப்பிப் பொருத்தினேன். முன்பக்கம் நீலம். எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் அலமாரியை நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் வந்த அன்று நகர்த்திப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவனே அதைச் சுவரோடு தள்ளி வைத்தான்.

அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த வளையல்களை அளவு வாரியாக அடுக்கினார். ஒரு தட்டு காலியாக இருந்தது.

“ரெண்டு ஆறுல பச்சை ஒரு டஜன் கொறையுது. மலைக்கோட்டைப் பக்கம் போனா வாங்கிட்டு வா. சொன்ன வெலைக்கு வாங்கிடாதே” என்றார்.